ஓரம் வெட்டிய படம்

உஸ்குதாரிலிருந்து பெஷிக்தாஷ் போகும் ஏழேகால் படகு.
மேல்தளத்தில் புகைபிடிக்கிறவர்கள்.
கீழே, ஜன்னலோரம், ஃபெரியால் துன்சாய்.
மூன்று வருடங்களாகத் திரையில் மட்டும் பார்த்த முகம்
வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.
மடியில் பாதி தின்ற ஸிமித் ரொட்டி,
முகவாயில் ஓர் எள்.

அந்த எள்ளைத்தான் முதலில் எடுத்தேன்.

எங்கள் ரசிகர் கூட்டத்தில் பதினோராயிரம் பேர்.
நூர்ஹான் வகுத்த விதிகள் நான்கு:
தூங்கும்போது எடுக்காதே,
ஆஸ்பத்திரி வாசலில் எடுக்காதே,
குழந்தையின் முகம் வேண்டாம்,
வீட்டைக் காட்டாதே.
பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவள் நூர்ஹான்.
மீறினால் ஒரு வாரம் வாய்ப்பூட்டு.

எள் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.
காட்டாததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்,
திருடியதை விற்காத திருடனைப்போல.

பிறகு ஏப்ரலில், குஸ்குன்ஜுக்கில்,
பேருந்துக்கு நின்றபோது
எதிர்வீட்டு மாடி முகப்பில் அவள்.
தலையில் ஈரத்துண்டு, கையில் தண்ணீர்க் குவளை.
ஜெரேனியம் செடியைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
நிஜமாகவே,
"இதற்குமேல் உனக்கு என்னதான் வேண்டும்?" என்று.
சிரித்துவிட்டேன்.
எடுத்துவிட்டேன்.

வீட்டு எண்ணை வெட்டினேன்.
தெருப்பலகையை வெட்டினேன்.
மளிகைக்கடையின் பெயரை மங்கலாக்கினேன்.
என் தங்கையின் கல்யாணப் படத்தைக்கூட
இத்தனை கவனமாக நான் சீர்செய்ததில்லை.
"நல்ல படம்," என்றாள் நூர்ஹான்.
ஒன்பதாயிரம் இதயங்கள் விழுந்தன.

கைப்பிடிக் கம்பியில் சிவப்புக் கம்பளிநூல்.
அதில் கண் படாமலிருக்க
இந்த ஊரில் எல்லோரும் கட்டுகிற நீலக் கண்ணாடிக் கண்.
இடது ஓரம் உடைந்தது.
அதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

எஸ்கிஷெஹிரில் ஒரு மாணவன் கவனித்தான்.
பழைய வாடகை விளம்பரம் ஒன்றில்
அதே நூல், அதே உடைசல். கீழே தெருவின் பெயர்.
முன்பு குடியிருந்த யாரோ கட்டிவிட்டுப் போனது,
அவளுடையதுகூட இல்லை.
கண்ணேறு தடுக்க மாட்டிய கண்
எல்லாக் கண்களுக்கும் வழி சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை நால்வர்.
ஞாயிற்றுக்கிழமை நாற்பது.
பூங்கொத்து, கேக், அவள் பெயர் தைத்த தலையணை.
கெட்டவர் ஒருவரும் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.
மழையில் நின்றார்கள்.
கீழே கிடந்த குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டார்கள்.
அழைப்புமணியை யாரும் அழுத்தவில்லை.
அண்ணாந்து பார்த்தார்கள்,
அவ்வளவுதான்.

திரை மூடியது. பிறகு திறக்கவில்லை.
மே மாதம் முழுக்க
திட்டுவதற்கும் ஆளில்லாமல்
கருகியது ஜெரேனியம்.

படத்தை அழித்தேன்,
அதாவது, என்னிடம் இருந்ததை.
நூர்ஹான் ஐந்தாவது விதி எதுவும் எழுதவில்லை.
நான்காவதையே எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி போட்டாள்.
என் பெயரைச் சொல்லவில்லை.
வாய்ப்பூட்டே தேவலை.

எள் படத்தை வேறோர் இரவில் அழித்தேன்,
சட்டென்று.
பொய். நான்கு முறை பார்த்தபிறகு.

நேற்று மறுபடி அவளைக் கண்டேன்.
எங்கே, யாரோடு,
எதற்காக அப்படிச் சிரித்தாள் என்றெல்லாம்
இந்த இடத்தில் ஆறு வரிகள் இருந்தன.
நல்ல வரிகள்.
வெட்டிவிட்டேன்.

மேலே சொன்ன படகும் அந்தப் படகு இல்லை.
தெருவை மாற்றியிருக்கிறேன், செடியையும்.
எங்காவது ஒரு நூல், ஓர் உடைசல்
தொங்குகிறதா என்று
ஓரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எள் மட்டும் உண்மை.
அதை எடுக்க
இன்னும் மனம் வரவில்லை.